‘பண்ணிடலாம் சார்’: மென்பொருள் விற்பனையில் நேர்மை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் குழுவில் பல ஆண்டுகள் இருந்தேன். டெமோ காட்டுவது, வாங்குபவர் அனுப்பும் கேள்விப் பட்டியலுக்குப் பதில் எழுதுவது, விலை பேசும்போது ஓரமாக உட்கார்ந்து தலையாட்டுவது எல்லாம் என் வேலை. இப்போது மேசைக்கு எதிர்ப்பக்கம், வாங்கும் குழுவில் இருக்கிறேன். இரண்டு பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை.

விற்க வருபவர் பொய் சொல்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நேரடிப் பொய்யைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பழுத்த விற்பனையாளர் வினைச்சொல்லின் காலத்தை மட்டும் மாற்றுவார். “இந்த வசதி இருக்கிறதா?” என்று நீங்கள் நிகழ்காலத்தில் கேட்பீர்கள். “பண்ணிடலாம் சார்” என்று பதில் வரும். தமிழில் விற்பனைக்கு இதைவிட வசதியான சொல் கிடையாது. இப்போதே இருக்கிறது, அமைப்பைக் கொஞ்சம் மாற்றினால் வரும், நாலு பேர் ஆறு மாதம் நிரல் எழுதினால் வரும், எங்கள் ஆட்களிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும்: இந்த நாலுக்கும் அந்த ஒரே ‘லாம்’ போதும். கேட்டவர் முதல் பொருளை எடுத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போவார். சொன்னவர் மனதில் மூன்றாவது இருக்கும்.

அதனால் நான் அனுப்பும் கேள்விப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் நான்கு கட்டம் உண்டு. வெளியாகிவிட்ட பதிப்பில் இருக்கிறது, அமைப்பை மாற்றினால் போதும், தனியாக நிரல் எழுத வேண்டும், இல்லை. மூன்றாவதில் டிக் போட்டால் எத்தனை நாள், யார் செலவு என்றும் எழுத வேண்டும். ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டே கட்டம் கொடுத்துப் பாருங்கள், வருகிற எல்லாரும் எல்லா வரியிலும் ‘ஆம்’ போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன்.

டெமோவில் அருமையாக ஓடியது. வாங்கிய பிறகு ஏன் தள்ளாடுகிறது?

டெமோ ஒத்திகை பார்த்த நாடகம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. எந்தப் பொத்தானைத் தொடக்கூடாது என்று தெரிந்தவர்தான் மௌஸைப் பிடித்திருப்பார். தரவு சுத்தமாக இருக்கும், நூறு வரிக்கு மேல் இருக்காது. ஆனால் இன்னும் எழுதப்படாத ஒன்றின் படத்தைக் காட்டி, ஓடுகிற மென்பொருள் என்று நம்ப வைத்தால் அது வேறு கதை. வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்கக் குப்பை அகற்றும் நிறுவனம் 2008இல் எஸ்ஏபி என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனத்தின் மீது ஏறக்குறைய இதே குற்றச்சாட்டோடுதான் வழக்குப் போட்டது. தங்களுக்குக் காட்டியது உண்மையான மென்பொருளே அல்ல, ஜோடனை என்றது. எஸ்ஏபி மறுத்தது. 2010இல் இரண்டு தரப்பும் சமரசம் செய்துகொண்டதால் யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எதுவும் வரவில்லை.

உங்கள் தரவை நீங்களே எடுத்துப் போங்கள். அதுவும் அழுக்கான தரவு: ஒரே வாடிக்கையாளர் மூன்று எழுத்துக்கூட்டலில் இருக்கும் பட்டியல், தேதி விடுபட்ட வரிகள், பாதியில் ரத்தான ஆர்டர்கள். மௌஸை உங்கள் ஆள் பிடிக்கட்டும். திரையில் பிழைச் செய்தி வந்தால் எதிரே இருப்பவரின் முகத்தைப் பாருங்கள். “ஆமாம், இது எங்களுக்குத் தெரிந்த குறை, இப்படிச் சுற்றிப் போகலாம்” என்று சொல்பவரிடம் எனக்கு நம்பிக்கை வரும். “நெட்வொர்க் கொஞ்சம் ஸ்லோ” என்பவரிடம் வராது.

இன்னொன்று. டெமோ காட்டிய அந்தக் கெட்டிக்கார ஆள் உங்கள் வேலைக்கு வரமாட்டார். கையெழுத்து ஆன மறுநாள் அவர் அடுத்த வாடிக்கையாளரிடம் டெமோ காட்டிக்கொண்டிருப்பார். நிறுவ வரப்போகிறவர்களைக் கையெழுத்துக்கு முன்பே ஒருமுறை வரச் சொல்லிப் பேசுங்கள். இதைக் கேட்டால் பல நிறுவனங்கள் நெளியும்.

“அது ரோட்மேப்பில் இருக்கிறது” என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

ரோட்மேப் என்றால் இனிமேல் செய்யப்போவதாகச் சொல்லும் வசதிகளின் திட்டம். இன்று இருப்பது மட்டும் உங்களுக்குப் போதும் என்றால் வாங்கலாம். வரப்போவதற்காக வாங்கக்கூடாது.

இந்தத் தந்திரத்துக்கு வயது அதிகம். 1964இல் கன்ட்ரோல் டேட்டா நிறுவனம் 6600 என்ற கணினியைக் கொண்டுவந்தது. அன்று உலகிலேயே வேகமானது அதுதான். ஐபிஎம் உடனே தன் சிஸ்டம் 360 வரிசையில் அதற்கு இணையான ஓர் இயந்திரம் வரப்போகிறது என்று அறிவித்தது. கையில் இயந்திரம் இல்லை. மாடல் 91 வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்தது 1967இல். நடுவில் 6600 வாங்க இருந்த பலர் “ஐபிஎம்முடையதும் வரட்டுமே, பார்க்கலாம்” என்று காத்திருந்தார்கள். கன்ட்ரோல் டேட்டா 1968இல் வழக்குப் போட்டது. 1973இல் சமரசம் ஆனபோது ஐபிஎம் தன் சர்வீஸ் பீரோ பிரிவையே மலிவு விலைக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. ஓர் அறிவிப்பு, பொருள் எதுவும் இல்லாமலேயே, போட்டியாளரின் விற்பனையை நிறுத்திவைக்கும் என்பதை அன்றைக்கே துறை கற்றுக்கொண்டது.

விற்பவர் பக்கம் நின்று ஒன்று சொல்ல வேண்டும். ரோட்மேப் பெரும்பாலும் பொய்யாகப் பிறப்பதில்லை. ஆறு மாதத்தில் முடியும் என்று பொறியாளர் சொன்னதை விற்பனையாளர் நம்பித்தான் சொல்கிறார். நடுவில் இன்னொரு பெரிய வாடிக்கையாளர் வேறு எதையோ கேட்பார், உங்கள் வசதி வரிசையில் கீழே இறங்கும். யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். அதனால் தேதி கேளுங்கள், தேதி தவறினால் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த வசதி இல்லை என்றே கணக்குப் போடுங்கள்.

போட்டி நிறுவனத்தைப் பற்றிக் குறை சொல்வது தவறா?

உண்மையான குறையைச் சொல்வது தவறில்லை. “அவர்களுடையது ஒரே நேரத்தில் இத்தனை பேருக்கு மேல் தாங்காது, அவர்கள் கையேட்டிலேயே இருக்கிறது” என்பது வாங்குபவருக்கு உதவி. “அந்தக் கம்பெனி எத்தனை நாளைக்கு இருக்குமோ தெரியாது, நான் ஒன்றும் சொல்லவில்லை” என்பது வெறும் புகை. ஐபிஎம்மிலிருந்து வெளியேறி 1970இல் சொந்த நிறுவனம் தொடங்கிய ஜீன் ஆம்டால், தன்னிடம் வாங்க நினைப்பவர்கள் மனதில் ஐபிஎம் ஆட்கள் விதைத்ததைப் பயம், நிச்சயமின்மை, சந்தேகம் என்று மூன்று சொல்லில் அடக்கினார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஃபட்’ என்று இன்றும் துறையில் சொல்கிறார்கள்.

புகை சில நேரம் நிரலுக்குள்ளேயே இருக்கும். விண்டோஸ் 3.1 வெளிவருவதற்கு முந்தைய சோதனைப் பதிப்பு ஒன்றில், அடியில் ஓடுவது மைக்ரோசாஃப்டின் டாஸ் இயங்குதளமா, வேறு நிறுவனத்தின் டிஆர்-டாஸா என்று ஒளிந்திருந்து பார்க்கும் துண்டு நிரல் இருந்தது. வேறு என்றால் காரணம் புரியாத ஒரு பிழைச் செய்தி வரும். 1992இல் விற்பனைக்கு வந்த பதிப்பில் அந்தத் துண்டு செயல்படாமல் வைக்கப்பட்டிருந்தது, ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் மனதில் “டிஆர்-டாஸில் ஏதோ கோளாறு” என்ற எண்ணம் விழுந்துவிட்டது. டிஆர்-டாஸை வாங்கிய கால்டெரா நிறுவனம் 1996இல் வழக்குப் போட, 2000இல் மைக்ரோசாஃப்ட் பணம் கொடுத்து முடித்துக்கொண்டது.

விற்பவருக்கு என் யோசனை: போட்டியாளரைப் பற்றிக் கேட்டால், அவர்களிடம் நன்றாக இருக்கும் ஒன்றை முதலில் சொல்லுங்கள். தந்திரமாகச் சொல்லவில்லை. அதைச் சொல்ல முடியாதவருக்கு அந்தப் பொருள் தெரியாது, பிறகு அவர் சொல்லும் குறைக்கும் மதிப்பில்லை.

போட்டியாளரின் விலைப்பட்டியல் என் கைக்கு வந்துவிட்டது. பார்க்கலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பார்த்த பிறகுதான் கேட்கிறார்கள்.

எனக்கும் வந்திருக்கிறது. வாங்குபவர் ஒருவர் விலையைக் குறைக்க வைப்பதற்காக, எதிர் நிறுவனத்தின் கொட்டேஷனை அப்படியே மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார். மேலே ‘ரகசியம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. என் மேலாளர் அதைத் திறக்காமல், “தவறாக வந்திருக்கிறது, நீக்கிவிட்டோம்” என்று பதில் போட்டார். எனக்கு அன்று அது அசட்டுத்தனமாகத் தெரிந்தது. பிறகு யோசித்தேன்: எங்கள் கொட்டேஷனும் இந்நேரம் எதிர் நிறுவனத்தின் மேசையில் இருக்கும்.

பொதுவில் கிடைக்கும் கையேடு, வெளியிட்ட விலை, அவர்களுடைய பழைய வாடிக்கையாளர் தானாகச் சொல்லும் அனுபவம் ஆகியவற்றைப் பார்ப்பதில் தவறில்லை. ரகசியம் காக்க ஒப்புக்கொண்ட ஒருவரிடமிருந்து வந்தது, வேறொருவர் கடவுச்சொல்லால் எடுத்தது இரண்டையும் தொடவே கூடாது. எஸ்ஏபி 2005இல் வாங்கிய டுமாரோநவ் என்ற சிறு நிறுவனம், ஆரக்கிள் என்ற போட்டி மென்பொருள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பராமரிப்புச் செய்தது. அந்த வாடிக்கையாளர்களின் கணக்கில் நுழைந்து அளவுக்கு மீறி ஆரக்கிளின் கோப்புகளை இறக்கிக் குவித்தது. ஆரக்கிள் 2007இல் வழக்குப் போட்டது. 2010இல் ஜூரி 130 கோடி டாலர் இழப்பீடு என்றது. நீதிபதி அதை ஏற்கவில்லை. இழுத்து இழுத்து 2014இல் சுமார் 36 கோடி டாலருக்கு முடிந்தது. டுமாரோநவ்வை எஸ்ஏபி 2008லேயே மூடிவிட்டது.

ஆரக்கிளும் புத்தரில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்டை ஆதரித்துப் பேசிய அமைப்புகளின் பின்னால் யார் என்று அறியத் தனியார் துப்பறிவாளர்களை அமர்த்தியதை அது 2000இல் ஒப்புக்கொண்டது. அந்தத் துப்பறியும் வேலையில் ஓர் அமைப்பின் குப்பையைக் காசு கொடுத்து வாங்கப் பார்த்ததும் செய்தியாக வந்தது.

“இந்த விலை இன்று இரவு வரைதான்” என்றால்?

விற்பவரின் குவார்ட்டர், அதாவது மூன்று மாதக் கணக்கு, முடிகிறது என்று பொருள். அவருக்கு டார்கெட் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அதே விலை அடுத்த குவார்ட்டர் கடைசியிலும் திரும்பி வரும். நான் வாங்கும் பக்கம் வந்த பிறகு வராமல் போனதே இல்லை.

காலண்டரின் அழுத்தம் விற்பவரை என்ன செய்யும் என்பதற்கு கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தின் கதை போதும். குவார்ட்டர் முடிந்த பிறகும் சில நாள் கணக்கைத் திறந்துவைத்து, பின்னால் வந்த ஒப்பந்தங்களுக்கு முன்தேதி போட்டுச் சேர்த்தார்கள். ‘முப்பத்தைந்து நாள் மாதம்’ என்று உள்ளேயே பெயர். 2004இல் நிறுவனம் பங்குதாரர்களுக்கு 22.5 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதன் முன்னாள் தலைமை அதிகாரிக்கு 2006இல் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை. உங்களிடம் யாராவது முன்தேதி போட்டுக் கையெழுத்துக் கேட்டால், அவர் உங்களையும் கூட்டாளி ஆக்கப் பார்க்கிறார்.

தள்ளுபடியில் கவனிக்க வேண்டிய இடம் வேறு. முதல் வருட விலையில் தாராளமாகக் குறைப்பார்கள், ரினியூவல் விலையைப் பற்றிப் பேச்சே இருக்காது. உரிமம் வாங்கும் பழைய முறையில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் உரிமத் தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஐந்து வருடத்தில் இன்னொரு முறை வாங்கிய மாதிரி ஆகிவிடும். சந்தா முறையில் இன்னும் மோசம்: எல்லாத் தரவும் அவர்களிடம் போன பிறகு விலை ஏறினால் எங்கே போவீர்கள்? ரினியூவலில் எவ்வளவு வரை ஏற்றலாம் என்ற உச்சவரம்பையும், வெளியேறும்போது தரவை எந்த வடிவத்தில் எத்தனை நாளில் தருவார்கள் என்பதையும் முதல் கையெழுத்துக்கு முன்பே எழுதி வாங்குங்கள். அப்போது மட்டும்தான் உங்கள் பேச்சுக்கு மரியாதை.

ஒப்பந்தத்தில் இழப்பீட்டுப் பொறுப்புக்கு வரம்பு போட்டிருக்கிறோம். விற்பனைப் பேச்சில் கொஞ்சம் மிகைப்படுத்தினால் என்ன ஆகிவிடும்?

ஈடிஎஸ் என்ற கணினிச் சேவை நிறுவனமும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பிரிட்டனின் பிஸ்கைபி தொலைக்காட்சிக்கு வாடிக்கையாளர் சேவை அமைப்பைக் கட்டித்தர 2000இல் அது ஒப்பந்தம் பெற்றது. குறித்த காலத்துக்குள் முடிக்க முடியும் என்று முறையாகக் கணக்குப் பார்த்துவிட்டதாகச் சொல்லியிருந்தது. வேலை இழுத்தது, கடைசியில் பிஸ்கைபி தானே எடுத்துச் செய்தது. ஒப்பந்தத்தில் பொறுப்பின் உச்சவரம்பு 3 கோடி பவுண்ட். ஆனால் 2010 ஜனவரியில் வந்த தீர்ப்பு, அந்தக் காலக் கணக்கு முறையாகப் போடப்படவே இல்லை, தெரிந்தே பொய் சொல்லப்பட்டது என்றது. மோசடி என்று ஆனால் வரம்பு காப்பாற்றாது. ஈடிஎஸ்ஸை அதற்குள் வாங்கியிருந்த எச்பி, 31.8 கோடி பவுண்ட் கொடுத்து முடித்தது.

அந்த வழக்கில் ஒரு நாய் வரும். ஈடிஎஸ்ஸின் முக்கிய சாட்சி, தான் ஒரு கல்லூரியில் எம்பிஏ படித்ததாகவும் வகுப்புக்கு நேரில் போனதாகவும் நீதிமன்றத்தில் விவரித்தார். எதிர்த் தரப்பு வழக்கறிஞர் அதே கல்லூரியின் எம்பிஏ பட்டத்தை இணையத்தில் தன் நாய் லூலுவுக்கு வாங்கிக்கொண்டு வந்தார். சாட்சியைவிட லூலுவுக்கு அதிக மதிப்பெண். பட்டத்தைப் பற்றிக் கூசாமல் பொய் சொன்னவர் காலக்கெடுவைப் பற்றிச் சொன்னதை எப்படி நம்புவது என்று நீதிபதிக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

ரெஃபரன்ஸ் வாடிக்கையாளர், வேகப் பரிசோதனை முடிவு இவற்றை நம்பலாமா?

விசாரித்துக்கொள்ளச் சொல்லி அவர்கள் தரும் பெயர்களிடம் கேட்பது, மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடமே விசாரிக்கிற மாதிரி. போய்ப் பேசுங்கள், ஆனால் விட்டுப்போன வாடிக்கையாளர் ஒருவர் பெயரும் கேளுங்கள். கொடுக்கும் நிறுவனம் ஒன்றிரண்டு இருக்கத்தான் செய்கிறது.

வேக ஒப்பீடுகளில் ஒரு விசித்திரம் உண்டு. 1980களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் டிவிட் பல தரவுத்தளங்களின் வேகத்தை ஒப்பிட்டு வெளியிட்டார். ஆரக்கிள் மோசமாக வந்தது. அதற்குப் பிறகு, அனுமதியின்றி வேகப் பரிசோதனை முடிவை வெளியிடக்கூடாது என்று உரிமத்திலேயே எழுதும் பழக்கம் வந்தது. துறையில் அதற்கு ‘டிவிட் பிரிவு’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்படி ஒரு பிரிவு இருக்கும் பொருளைப் பற்றி நல்ல எண்கள் மட்டுமே வெளியே வரும், வேறு வழியில்லை.

விற்கும் வரை தேன், பிறகு லைசென்ஸ் ஆடிட். இது நியாயமா?

வாங்கிய உரிமத்துக்கு மேல் பயன்படுத்துகிறீர்களா என்று ஆடிட் செய்வது அவர்கள் உரிமை, நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்கள். நியாயம் கெடுவது விதி தெளிவில்லாத இடத்தில். டியாஜியோ என்ற மதுபான நிறுவனம், எஸ்ஏபியோடு சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற வேறு நிறுவனத்தின் மென்பொருளில் கட்டிய அமைப்பை இணைத்தது. அதன் வழியாக வந்த ஆட்களும் எஸ்ஏபியைப் பயன்படுத்தியவர்கள்தான் என்று சொல்லி எஸ்ஏபி 5.4 கோடி பவுண்டுக்கு மேல் கேட்டது. 2017இல் லண்டன் நீதிமன்றம், தொகையைத் தீர்மானிக்காவிட்டாலும், கட்டணம் உண்டு என்றது. ‘பயனர்’ என்றால் யார் என்று ஒரு பத்தி எழுதி வாங்கப் பத்து நிமிடம் ஆகும்.

விருந்து, பரிசு, வெளிநாட்டுப் பயணம்?

பெரிய ஊழல் விருந்தில் நடப்பதில்லை, தள்ளுபடியில் நடக்கிறது. நடுவில் இருக்கும் விநியோகஸ்தருக்குக் காரணமில்லாமல் பெரிய தள்ளுபடி கொடுப்பார்கள், வாடிக்கையாளர் முழு விலை கட்டுவார், நடுவில் மிஞ்சும் பணம் யாருடைய பைக்கோ போகும். இந்த வகைக் குற்றச்சாட்டுக்காக ஆரக்கிள் 2022இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 2.3 கோடி டாலர் கட்டியது. வாங்குபவர் செய்யக்கூடியது ஒன்று: நடுவில் இருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். பதில் ஒரு வாக்கியத்தில் வரவில்லை என்றால் யோசிக்க வேண்டும்.

எல்லாம் விற்பவருக்கே சொல்கிறீர்கள். வாங்குபவர் யோக்கியமா?

இல்லை. யாரிடம் வாங்குவது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டு, கோப்பில் மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பதற்காக மற்ற இருவரை ஒப்புக்குச் சப்பாணியாக இழுப்பது இந்தத் துறையில் தினமும் நடக்கிறது. அந்த இருவரும் தலா நாலைந்து பேரை மூன்று வாரம் உட்கார வைத்து இருநூறு பக்கம் பதில் எழுதுவார்கள். அவர்கள் எழுதிய யோசனையை எடுத்து வெல்லப்போகும் நிறுவனத்திடம் “இதையும் சேர்த்துச் செய்யுங்கள்” என்று கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கேள்விப் பட்டியல் ஒரு குறிப்பிட்ட பொருளின் விளம்பரத் தாளிலிருந்து நகலெடுத்த மாதிரி இருந்தால், விற்பவர் கௌரவமாக விலகிக்கொள்ளலாம். நாங்கள் பெரும்பாலும் விலகவில்லை, இரவு விழித்து எழுதினோம், தோற்றோம்.

தோற்றவருக்குக் காரணம் சொல்லுங்கள். அரை மணி நேர வேலை அது.

நேர்மையாக விற்றால் டார்கெட் வருமா?

சில நேரம் வராது. ஒருமுறை “இது உங்கள் அளவுக்குத் தாங்காது” என்று ஒரு வாடிக்கையாளரிடம் உண்மையைச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போட்டியாளரிடம் வாங்கினார்கள். பிறகு எங்கள் பொருள் பெரிதானபோதும் திரும்பி வரவில்லை. நேர்மைக்குக் கட்டாயம் பலன் உண்டு என்று விற்பனைப் பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். அதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இல்லாத வசதியை ‘இருக்கிறது’ என்று எழுதச் சொல்கிறார் மேலாளர். என்ன செய்வது?

“அந்த வரியை நீங்களே எழுதி மின்னஞ்சலில் அனுப்புங்கள், நான் ஒட்டிக்கொள்கிறேன்” என்று கேளுங்கள். பத்தில் எட்டு பேர் அதோடு விட்டுவிடுவார்கள், அல்லது ‘இருக்கிறது’ என்பதை ‘திட்டத்தில் உள்ளது’ என்று மாற்றிக்கொள்வார்கள்.

எனக்கு வாய்த்தவர் அனுப்பிவிட்டார். நான் ஒட்டவில்லை, வேறொருவர் ஒட்டினார். ஒப்பந்தம் கிடைத்தது, கேக் வெட்டினோம், நானும் சாப்பிட்டேன். அப்புறம் இரண்டு மாதம் கழித்து அந்த வாடிக்கையாளரிடம் போய் நிற்க வேண்டிய ஆளாக என்னைத்தான் அனுப்பினார்கள். அந்த அம்மா கோபப்படவில்லை. கோப்பைத் திறந்து, அந்தப் பக்கத்தை என் பக்கம் திருப்பி, “இருக்குன்னு எழுதியிருக்கீங்களே” என்றார். பக்கத்தின் அடியில், தொடர்புகொள்ள வேண்டியவர் என்ற இடத்தில், என் பெயர் இருந்தது.